வாடகைக்கு விட்டாச்சு, காப்பீட்டு ஆபீசுக்குச் சொல்லியாச்சா?



குழுக் கடன் வாங்கி, வீட்டோடு ஒரு அறை கட்டி வாடகைக்கு விடுகிற சகோதரிகள் நம்மில் உண்டு. மாசா மாசம் வரும் வாடகையில் தவணை அடைகிறது. புயலிலோ தீயிலோ அந்த அறை போய்விட்டால்? வாடகை நின்றுவிடும், தவணை நிற்காது. அதற்குத்தான் வீட்டுக் காப்பீடு.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் ‘பாரத் கிரஹ ரக்ஷா’ என்ற பாலிசி உள்ளது. தீ, சிலிண்டர் வெடிப்பு, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும்.

எவ்வளவுக்கு எடுப்பது? மனை விலையைச் சேர்க்கக் கூடாது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு. உதாரணமாக, 400 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 8 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 1,60,000 ரூபாய் தானாகவே சேரும். நகைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

வாடகைக்கு விட்டால் கவனிக்க வேண்டியவை:

1. வாடகைக்கு விடுவதையும், புதிதாக அறை கட்டியதையும் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னால் போதாது. கடித நகலில் சீல் வாங்கி வையுங்கள். தெரிவிக்காவிட்டால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

2. இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. குடிவந்தவர் அறையைக் கடையாகவோ குடோனாகவோ மாற்றினால் அதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ‘குடியிருக்க மட்டும்’ என்று எழுதுங்கள்.

3. குடியிருப்பவரின் டிவி, பீரோவுக்கு நம் பாலிசியில் பணம் கிடைக்காது. அவர்தான் தன் சாமான்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.

4. சேதத்தால் வீட்டில் குடியிருக்க முடியாமல் போனால், இழந்த வாடகையையும் கேட்கலாம். அதற்கு வாடகை ஒப்பந்தமும் ரசீதும் வேண்டும்.

5. சாதாரணத் திருட்டு இதில் வராது. தீ, புயல் போன்ற சேதம் நடந்து 7 நாளைக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே உண்டு.

சேதம் நடந்தால் உடனே தகவல் கொடுங்கள், போட்டோ எடுங்கள். நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கூட்டத்தில் பேச: நம் குழுவில் யார் யார் வீட்டில் வாடகைக்குக் குடி இருக்கிறது? பாலிசி இருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வந்து, எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.