ரிப்போர்ட் வரட்டும், ராஜினாமா வேண்டாம்

ஆட்டோ இம்யூன் நோய்க்குத் துப்புத் தேடும் ரத்தப் பரிசோதனையில் 'ஏ.என்.ஏ. பாசிட்டிவ்' என்று வந்துவிட்டால், இருபதுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியம் செய்கிறார்கள். விடிய விடிய செல்போனில் தேடி, அதில் கண்ட நோயெல்லாம் தமக்கு இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். அடுத்து, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு இந்த வேலை இனி முடியாது" என்று தாமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். முதல் பயம், நல்ல டாக்டரிடம் அரை மணி நேரம் பேசினால் பாதி தணிந்துவிடும். அவசரத்தில் விட்ட வேலை அப்படித் திரும்பி வராது.

அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆட்டோ இம்யூன் நோய் இருக்கிறதா, இருந்தால் எது என்று தெரிய மாதங்கள் ஆகலாம்; சிலருக்கு வருடங்களும் ஆகும். அதுவரை வேலை விஷயத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். ஆனால் வேலையைத் தொடர்ந்து செய்ய என்ன மாற்றம் தேவையோ அதை இந்த வாரமே கேளுங்கள். கேட்பதற்கு நோயின் பெயர் தேவையில்லை.

ஏன் இத்தனை தாமதம்?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கத் தொடங்குவதுதான் ஆட்டோ இம்யூன் நோய். லூபஸ், முடக்குவாதம், தசையைத் தாக்கும் மயோசைட்டிஸ், முதுகெலும்பைப் பிடிக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பல வகை. லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 44 வயதுக்குள் தொடங்குகிறது. முதுகெலும்பு நோயும் இளவயதில்தான் ஆரம்பிக்கும். 'நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும்' என்று சொல்லியே அதைப் பல வருடம் கோட்டைவிடுவார்கள். ஓய்வெடுத்தால் கூடுகிற, நடமாடினால் குறைகிற முதுகுவலி நாற்காலியால் வந்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதை டாக்டரிடம் தனியாக எடுத்துச் சொல்லுங்கள்.

சிக்கல் என்னவென்றால், தொடக்கத்தில் இவை பலவும் ஒரே மாதிரி இருக்கும். அசதி, மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வாய்ப்புண், முடி கொட்டுதல். ஒரே டெஸ்டில் உண்டு, இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏ.என்.ஏ. விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1997இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், எந்த நோயும் இல்லாத நல்ல உடல்நிலையில் இருந்தவர்களிலேயே 1:80 அளவில் (அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்த நிலையில்) சுமார் 13 சதவீதம் பேருக்கும், 1:160 அளவில் 5 சதவீதம் பேருக்கும் இந்தப் பரிசோதனை பாசிட்டிவாக வந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லோடு நிற்காமல், எந்த அளவு என்று பாருங்கள். அதைவிட முக்கியம், உங்கள் உடம்பில் என்ன தொந்தரவு இருக்கிறது என்பது. டாக்டர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

சிலருக்கு எந்த நோயின் கட்டத்துக்குள்ளும் அடங்காமல், 'வகைப்படாத இணைப்புத்திசு நோய்' என்றே எழுதிவைப்பார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் பிற்பாடு அது குறிப்பிட்ட ஒரு நோயாக உருவெடுக்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் ஐந்து வருடங்களுக்குள். மற்றவர்கள் அதே நிலையில் தொடர்கிறார்கள், சிலருக்குத் தொந்தரவே மறைந்தும்விடுகிறது. ஐந்து வருடம் என்பது ஒருவருக்கு இரண்டு பதவி உயர்வுக்கான காலம். அதை 'பெயர் தெரியட்டும்' என்று காத்திருந்து கழிக்க முடியாது.

போக வேண்டியது, மூட்டு மற்றும் ஆட்டோ இம்யூன் நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்டிடம். எலும்பு முறிவு டாக்டரிடம் போய் வலி மாத்திரை வாங்கிக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது. அதற்குள் யாராவது 'ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று ஸ்டீராய்டு போட்டுவிட்டால் அறிகுறிகள் அடங்கிப்போய், நோயைக் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். என்ன ஊசி என்று கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நோட்டு ஒன்று போடுங்கள்

உங்களுக்காக வாதாடப் போவது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். 'ரொம்ப அசதியா இருக்கு' என்று சொன்னால் டாக்டருக்கும் புரியாது, மேனேஜருக்கும் புரியாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய். 6.30க்கு எழுந்தேன். 7.45 வரை விரல்கள் மடங்கவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியை அம்மா திறந்து கொடுத்தார். ஹெல்மெட் கொக்கி மாட்ட முடியாமல் பஸ்ஸில் போனேன். 11 மணிக்குப் பிறகு சரியாக டைப் செய்ய முடிந்தது. மாலை 4 மணிக்குத் தலை சுற்றியது."

இந்த ஐந்தாறு வரியில் இரண்டு பேருக்கான செய்தி இருக்கிறது. காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது என்பது டாக்டருக்கு மிக முக்கியமான தடயம். காலை 11 முதல் 4 வரைதான் உங்கள் நல்ல நேரம் என்பது உங்களுக்கும் மேனேஜருக்கும் தெரிய வேண்டியது. கடினமான வேலையை, பெரிய மீட்டிங்கை அந்த நேரத்துக்குள் தள்ளுங்கள்.

தோலில் தடிப்பு வந்தால் உடனே படம் எடுத்துவையுங்கள். அப்பாயின்ட்மென்ட் அன்றைக்கு அது மறைந்திருக்கும். ஆபீஸ் ஏ.சி.யில் விரல் நுனி வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவக்கிறதென்றால் அதையும் தேதியோடு படம் எடுங்கள். அதற்கு ரேனாட்ஸ் என்று பெயர். டாக்டருக்கு நல்ல துப்பு அது. ஏ.சி. காற்று நேராக அடிக்காத இருக்கையைக் கேட்பதற்கும் அதுவே காரணம்.

யாரிடம், எவ்வளவு சொல்வது?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் 'இவன் அடிக்கடி லீவு போடுறான்' என்று பெயர் வரும். எல்லாவற்றையும் சொன்னால் டீம் வாட்ஸ்அப் குழுவில் உங்கள் உடம்பு பேசுபொருளாகும். என் கருத்தில், நேரடியாக உங்களுக்கு வேலை கொடுக்கும் ஒருவருக்கும், ஹெச்.ஆருக்கும் சொன்னால் போதும். சொல்ல வேண்டியது நோயை அல்ல, வேலைக்கு என்ன வேண்டும் என்பதை. மாதிரிக்கு:

"சார், மூட்டுவலிக்கும் அசதிக்கும் டெஸ்ட் எடுத்துட்டிருக்கேன். என்னன்னு உறுதியா தெரிய இன்னும் சில மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றார். காலையில கைப்பிடிப்பு விட நேரமாகுது. மூணு மாசத்துக்கு மட்டும் பத்தரைக்கு ஆரம்பிச்சு ஏழரைக்கு முடிக்கிறேன். காலை மீட்டிங்ல வீட்டிலிருந்தே சேர்ந்துக்கறேன். மூணு மாசம் கழிச்சு எப்படிப் போகுதுன்னு சேர்ந்து பார்த்துக்கலாம் சார்."

இதில் எந்த நோயின் பெயரும் இல்லை. கேட்பது என்ன என்று தெளிவாக இருக்கிறது. எப்போது வரைக்கும் என்றும் இருக்கிறது. முடிவு தேதி இல்லாத சலுகைக்கு எந்த மேனேஜரும் தயங்குவார். மூன்று மாதத்துக்கு என்றால் பெரும்பாலும் சரி என்பார். அவர் ஒப்புக்கொண்டதும் அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: "இன்று பேசியபடி..." என்று ஆரம்பித்து நாலு வரி. மேனேஜர் மாறினாலும் மெயில் நிற்கும்.

எல்லோருக்கும் லேப்டாப் வேலை இல்லை. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு வீட்டிலிருந்து வேலை என்பது கனவு. அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தப்படி, ஊழியர்கள் உட்காருவதற்குக் கடைக்காரர் இருக்கை வசதி செய்துதர வேண்டும். முட்டி வீங்கியிருக்கும்போது ஸ்டூல் கேட்பது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை. அதே சட்டம் உடல்நலக் குறைவுக்கு ஆண்டுக்கு 12 நாள் வரையும், தற்செயல் விடுப்பாக 12 நாள் வரையும் தருகிறது. தையல் மெஷினில் இருப்பவர்கள் ஷிஃப்ட் மாற்றமும், ஆசிரியர்கள் தரைத்தள வகுப்பறையும், நர்ஸ்கள் நைட் டூட்டி விலக்கும் கேட்கலாம். நைட் ஷிஃப்ட்டை முதலில் கழற்றிவிடுங்கள் என்பேன். தூக்கம் கெட்டால் அசதி இரட்டிப்பாகும்.

நடிகை சமந்தா தனக்கு மயோசைட்டிஸ் இருப்பதை 2022 அக்டோபரில் வெளியில் சொன்னபோது, டிரிப்ஸ் ஏறும் கையோடு 'யசோதா' படத்துக்கு டப்பிங் பேசும் புகைப்படத்தைப் போட்டிருந்தார். பலரும் அதைத் துணிச்சலுக்கு அடையாளமாகப் பகிர்ந்தார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, 2023இல் நடிப்பிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட இடைவெளி. நோய் தணிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்ததாக அந்த அக்டோபர் பதிவில் அவரே எழுதியிருந்தார். சொல்லும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது போல உங்களுக்கும் இருக்கிறது. டிரிப்ஸோடு வேலை பார்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பணமும் காகிதமும்

வேலையை விடாதீர்கள் என்று நான் மறுபடி மறுபடி சொல்வதற்கு முக்கியக் காரணம் இன்ஷூரன்ஸ். நிறுவனங்கள் எடுத்துத்தரும் குழுக் காப்பீடு பலவற்றில், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. நீங்களே தனியாக எடுக்கும் பாலிசியில் அப்படி இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்திருக்கிறது. குறைத்த பிறகும் அது மூன்று வருடம். டெஸ்ட் நடப்பதை மறைத்துப் புது பாலிசி எடுத்தால், பின்னால் கிளெய்ம் நிராகரிக்கப்படும்போது அழுது பயனில்லை. வேறு வழியின்றி வேலை மாறினால், நோட்டீஸ் பீரியடிலேயே ஹெச்.ஆரிடம் கேட்டு, குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற வழி உண்டா என்று பாருங்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், உங்கள் கையில் பெரிய பாதுகாப்பு இருக்கிறது. பலருக்கு அது சம்பளச் சீட்டில் ஒரு பிடித்தமாக மட்டுமே தெரியும். சந்தா நாட்கள் நிபந்தனை பூர்த்தியானால், டாக்டர் சான்றிதழுடன் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் பதிவு செய்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இந்தக் கட்டத்தில் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். சந்தேக நிலையில் உதவாது. அதன் 21 வகைப் பட்டியலில், நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஆட்டோ இம்யூன் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பெயரோடு இருக்கிறது. லூபஸ், முடக்குவாதம் பெயரோடு இல்லை. நோயால் மூட்டு பாதிக்கப்பட்டு இயக்கக் குறைபாடு 40 சதவீதத்தைத் தொட்டால் அந்த வழியில் சான்றிதழ் பெறலாம். ஆனால் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடும்படி அந்தச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் சொல்கிறது. உங்கள் நிறுவனத்துடையதை ஹெச்.ஆரிடம் கேட்டுப் படித்துவையுங்கள்.

காகித வேலை போக, மாத்திரை தொடங்கினால் அதை வேலை நேரத்தோடு பொருத்துங்கள். ஸ்டீராய்டு பெரும்பாலும் காலை உணவுக்குப் பின். இரவில் போட்டால் தூக்கம் கெடும். அதைச் சொந்தமாக நிறுத்தவே கூடாது, சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மூட்டு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறை மட்டுமே, தினமும் அல்ல. மறுநாள் குமட்டல் இருக்கலாம் என்பதால் வார விடுமுறைக்கு முந்தைய நாளை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்றால் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை உண்டு. லூபஸ் சந்தேகம் இருந்தால் உச்சி வெயிலில் பைக்கில் போவதைக் குறைத்து, முழுக்கை சட்டையும் சன்ஸ்கிரீனும் பழக்கமாக்குங்கள்.

வீட்டில் "வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், ஊருக்கு வந்துடும்மா" என்று அம்மா சொல்வார். அது பாசத்தில் வரும் பேச்சு, கோபப்படாதீர்கள். அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு அவரையும் அழைத்துப் போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். கல்யாணப் பேச்சை இந்த விஷயத்தோடு சேர்த்துக் குழப்பவும் விடாதீர்கள். உறுதியாகாத ஒன்றை ஊருக்குச் சொல்லவும் வேண்டாம், அதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேலையை இரண்டாம் இடத்தில் வையுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரெனப் பார்வை மங்கல், கை கால் பலம் குறைவது, முகமும் காலும் வீங்கிச் சிறுநீர் நுரைப்பது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும்போது வரும் காய்ச்சல் – இவற்றில் எது வந்தாலும் லீவுக்கு அனுமதி கேட்டு நிற்காதீர்கள். கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போகிற வழியில் மேனேஜருக்குத் தகவல் சொல்லிக்கொள்ளலாம்.