மதில் ஊருக்கு, தாள் உங்களுக்கு

மானிப்பாயில் கீறத் தெரிந்த ஒருவரை ஊர் சும்மா விடுவதில்லை. வாசிகசாலை மதில், மருதடிப் பிள்ளையார் திருவிழாவுக்குப் பதாகை, பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு இல்ல அலங்காரம், பழைய மாணவர் சங்க மலருக்கு அட்டைப்படம், ஏதோ ஒரு நிறுவனம் நடத்தும் சிறுவர் ஓவியப் பட்டறை என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத்தான் தேடி வருவார்கள். "தம்பி, நீங்கள் கீறுறனியள்தானே, எங்கட மதிலுக்கும் ஒண்டு கீறித் தாங்கோவன்." இந்த அழைப்பில் அன்பு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது. மறுக்க மனம் வராது. இப்படியே இரண்டு வருடம் போனால் வீட்டில் தொடங்கிய படங்கள் பாதியில் நிற்கும்.

நுண்கலையில் பட்டம் முடித்து வேலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள், சித்திர ஆசிரியர்கள், பகலில் அச்சகத்தில் வடிவமைப்புச் செய்துவிட்டு இரவில் தூரிகை எடுப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் வேலையைப் பிரியுங்கள் என்பது என் பதில். பலர் சேர்ந்து செய்யும் எந்தப் பணியிலும் ஊருக்கு எது, உங்களுக்கு எது என்ற எல்லை முதல் கூட்டத்திலேயே தெளிவாக வேண்டும். எல்லை தெளிவாக இருந்தால் நேரத்தைப் பங்கிடுவது அவ்வளவு கஷ்டமில்லை.

மூன்று கைகள், மூன்று தாள்கள்

இதைச் செய்து காட்டியவர் நம்மிடையே இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு நிறுவல் படைப்பை வைத்தார். யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த பொருட்களைக் கொண்டே அது அமைந்தது. 2011இல் ஷர்மினி பெரேராவின் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் அவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' என்ற நூலை வெளியிட்டது. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடுதான் தோம்பு. போரில் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களும் தங்கள் வீடுகளை நினைவிலிருந்து கீறிக் கொடுத்த 80 வரையிலான தளப்படங்கள் அந்த நூலுக்கு அடிப்படை. அலுவலகக் கோப்பு ஒன்றைப் போல அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

அதில் ஒரு வீட்டை எடுத்துப் பாருங்கள். முதலில் வருவது வீட்டுக்காரர் தன் கையால் கீறிய படம். படம் கீறிப் பழகாத கை அது. சுவர் நேராக நிற்காது, அறைகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தாது. அடுத்து, அதே வீடு கட்டடக்கலை வரைபடமாக, அளந்து போட்ட கோடுகளில் வருகிறது. மூன்றாவதாகச் சனாதனன் உலர் பாஸ்டலில் கீறிய படம். வீட்டுக்காரரின் கோணல் கோட்டை ஓவியர் திருத்தவில்லை. தன் பாஸ்டல் படத்தை யாருடைய விருப்பத்துக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கதை வீட்டுக்காரருடையது என்பதும் படம் ஓவியருடையது என்பதும் பக்கம் பக்கமாகத் தெரிகிறது. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. ஆனால் ஒன்று மற்றதை விழுங்கவும் இல்லை.

இந்த ஒழுங்கை ஒரு சிறிய மதில் வேலைக்கும் கொண்டுவரலாம். மானிப்பாயில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர் சாமுவேல் கிறீன் இங்கிருந்துதான் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல் உட்பட மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த மருத்துவமனை இன்றும் இங்கே இருக்கிறது. இதை வைத்து ஒரு மதில் செய்வதாக எடுத்துக்கொள்வோம். ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகள் தங்கள் வீட்டு வளவில் நிற்கும் மருந்துச் செடிகளைப் பார்த்துக் கீறி வரட்டும். அம்மம்மா சொன்ன கைமருந்தை ஓரத்தில் எழுதட்டும். அந்தப் படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கோடு மாறாமல் மதிலில் ஏற்றுங்கள். ஆடாதோடை இலை பிலா இலை மாதிரி இருந்தாலும் இருக்கட்டும். எது எங்கே வரவேண்டும், பின்னணி நிறம் என்ன என்பது உங்கள் பொறுப்பு. மாலையில் வீட்டுக்குப் போய், அந்தச் செடிகளோடும் பழைய உடற்கூற்றுப் படங்களோடும் உங்களுக்கு மட்டுமான ஒரு தொடரைத் தொடங்குங்கள். அதை எந்தக் குழுவுக்கும் காட்டத் தேவையில்லை. ஒரே தேடலில் இரண்டு விளைச்சல்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மதிலில் தங்கள் பாணியைத் திணித்து, பிள்ளைகளை நிறம் நிரப்ப மட்டும் விடுகிறார்கள். தங்கள் படைப்பு ஆசை அங்கே தீர்ந்துபோவதால், வீட்டுக்கு வந்து கீற ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிள்ளைகளுக்கும் அது வெறும் கூலி வேலைதான்.

மழை போட்டுத் தரும் அட்டவணை

நேரத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மதில் வேலை சரிவராது. பிறைமர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஈரம் ஊறிய சீமெந்துப் பூச்சில் உப்புப் பூத்து, மேலே அடித்த எமல்ஷன் செதில் செதிலாகக் கழலும். அந்த மூன்று மாதமும் உங்களுடையது. கதவைச் சாத்துங்கள். எண்ணெய் வர்ணம் அப்போது மெதுவாகக் காயும், தாள் ஈரம் இழுக்கும். அதனால் மை, கரி, பென்சில் வேலைகளை அந்தக் காலத்துக்கு வையுங்கள். தை பிறந்தால் மதில் உலர்ந்துவிடும், பள்ளிக்கூடமும் நடக்கும். கூட்டு வேலையை அப்போது எடுத்து, மருதடியான் கொடியேறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுத் தேர் வரைக்கும் ஊரில் ஒருவரையும் பிடிக்க முடியாது.

அழைப்பு வரும்போது சொல்லவும் இது உதவும். "ஓம் ஐயா, கட்டாயம் செய்வம். ஆனா மாரி முடியட்டும். தைப்பொங்கலுக்குப் பிறகு பிள்ளையளையும் கூப்பிட்டு ஒருக்கா இருந்து கதைப்பம்." இதில் மறுப்பு இல்லை, மரியாதை குறையவில்லை, உங்கள் மாதங்களும் தப்பின. ஆண்டுக்கு ஒரு பெரிய கூட்டுப் பணி போதும் என்பது என் கருத்து. இரண்டாவதுக்குச் சம்மதிக்கும்போது எதை நிறுத்தப்போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்.

நம் முன்னோடிகள் பெரும்பாலும் ஆசிரியர்கள். ஆசிரியர் வேலையையும் கீறும் வேலையையும் ஒரே வாரத்துக்குள் திணிக்க அவர்கள் பாடுபட்டதாகத் தெரியவில்லை. 1938இல் எஸ். ஆர். கனகசபை தொடங்கிய வின்சர் சித்திரக் கழகம் சித்திரம் படிப்பித்தவர்களை ஒன்றுசேர்த்தது. குருநகரில் பிறந்த ஓவியர் அ. மாற்கு பாடசாலையில் படிப்பித்தவர். அவர் விடுமுறைக்கால ஓவியர் கழகம் நடத்தினார். தவணை விடுமுறை அவர்களுக்குக் கூடிக் கீறும் காலம். தனியாகக் கீறுபவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கீறியதும் கூட்டுக் கலைதான். ஒரே மதிலில் எல்லோரும் கை வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைக்கும் மானிப்பாய், சுதுமலை, நவாலி, ஆனைக்கோட்டைப் பக்கம் கீறுகிறவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு வீட்டு விறாந்தையில் கூடினால் போதும். பணம் வேண்டாம், அனுமதி வேண்டாம்.

"எங்களைக் கீறு" என்ற பாரம்

நேரமும் மழையும் தீர்க்காத ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இத்தனை இழப்பைக் கண்ட மண்ணில் ஒருவர் தன் அறைக்குள் இருந்து ஒரு தேங்காய்த் துருவலகையோ வெறும் நீல நிறத்தையோ கீறினால், 'உனக்கென்ன, சனம் படுற பாடு தெரியாதே' என்ற குரல் எங்கிருந்தோ வரும். பெரும்பாலும் அது நமக்குள்ளேயே கேட்கும். ஊருக்காகச் செய்யும் வேலை தியாகம் என்றும் தனக்காகக் கீறுவது சுயநலம் என்றும் ஒரு கணக்கு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நல்ல கைகள் பல இதனாலேயே சோர்ந்துபோகின்றன. வாழ்நாள் முழுக்க அழைப்பை ஏற்று ஏற்று, கடைசியில் தங்களுக்கென்று ஒரு கோடுகூட வளரவில்லையே என்று வருந்துகிறவர்கள் உண்டு.

எனக்கு இதில் ஐயமே இல்லை. தனியாகக் கீறாத ஓவியர் கூட்டத்துக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஆகிவிடுவார். சனாதனன் மற்றவர்களின் வீடுகளுக்குப் பக்கத்தில் தன் பாஸ்டலை வைக்க முடிந்தது, அந்தப் பாஸ்டல் அதற்கு முன்பே தனியாக வளர்ந்திருந்ததால்தான். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்தி, 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன, பலர் உழைப்பில் உருவான அரங்கு அது. ஆனாலும் எழுத்து யாருடையது, நெறியாள்கை யாருடையது என்பதில் இன்றுவரை குழப்பமில்லை. எழுதுகிற மேசை சண்முகலிங்கத்துக்கு எப்போதும் இருந்தது. கூட்டத்தின் நடுவில் அவர் கொண்டுவந்து வைத்தது அந்த மேசையில் விளைந்ததைத்தான்.

ஆகவே தேங்காய்த் துருவலகையைக் கீறுங்கள். யாரிடமும் அதற்கு நியாயம் சொல்ல வேண்டாம்.

காசும் பெயரும்

மதில் வேலைக்குக் கூலி கேட்பது பாவமில்லை. வாசிகசாலையிடம் காசில்லை, சரி. ஆனால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பழைய மாணவர் சங்கமோ ஒரு நிறுவனமோ பணம் போடுகிறது என்றால், வரைவுக்கு ஒரு தொகை, வேலை நாளுக்கு ஒரு தொகை, பெயின்ற், தூரிகை, ஏணி, போக்குவரத்து என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொன்னால் பேரம் முதலில் உங்கள் உழைப்பைத்தான் வெட்டும். இலவசமாகச் செய்வதென்றாலும் அதே தாளை எழுதி, 'என் பங்கு அன்பளிப்பு' என்று போடுங்கள். அதன் பெறுமதி அப்போதுதான் எல்லோருக்கும் தெரியும்.

காசு வரும் வேலையும் கீறும் வேலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றில்லை. சென்னைக்குத் தெற்கே கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை எழுப்பியபோது, பத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் சேர்ந்து செய்து விற்றார்கள். அந்த வருமானம்தான் நிலத்துக்கும் சோற்றுக்கும் வழி செய்தது. ஓவியமும் சிற்பமும் அவரவர் தனியாகச் செய்தது. வாழ்வதற்கு வேண்டியதைக் கூட்டு உழைப்பு தந்தது, அதனால் ஓவியம் விற்பனைக்காக வளைய வேண்டியிருக்கவில்லை. பிறந்தநாள் அட்டையோ கோயில் பதாகையோ செய்யும் நம்மூர் இளைஞர் நாலு பேர் சேர்ந்தால் இது இங்கும் நடக்கும்.

பெயர் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். 2019இன் கடைசியில் நாடு முழுக்க இளையோர் மதில்களில் தீட்டத் தொடங்கினார்கள், யாழ்ப்பாணத்திலும் தீட்டினார்கள். அந்த மாதிரி வேகத்தில் முதலில் தொலைவது தீட்டியவர் பெயர்தான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பில் தன் பெயர் வரவேண்டும் என்று கேட்கும் உரிமையையும், தன் நற்பெயர் கெடும்படி அதைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையையும் படைப்பாளிக்குத் தருகிறது. சேர்ந்து படைத்தால் உரிமையும் சேர்ந்ததே. ஆனால் ஒரு நிறுவனம் தொடக்கி வழிநடத்தி, பங்களித்தவர்கள் பெயர் காட்டாமல் தன் பெயரில் வெளியிடும் கூட்டுப் பணியின் பொருளாதார உரிமை அந்த நிறுவனத்துக்கே போகும். அதனால் தொடங்குமுன் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வரைவு யாருடையது, யார் யார் பெயர் மதிலில் வரும், படத்தை அச்சில் பயன்படுத்தினால் யாரைக் கேட்க வேண்டும், மதிலை மறுபடி வெள்ளையடிக்க முன் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற நாலும் அதில் இருந்தால் போதும். மதில் பிரதேச சபையுடையது என்றால் சபையின் எழுத்து மூல அனுமதியையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து வையுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் படத் தொகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முன்பாதியில் தனிப் படைப்புகள், பின்பாதியில் கூட்டுப் பணிகள். பின்பாதியில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: 'செடிகளைக் கீறியது 7ஆம் தரப் பிள்ளைகள், அமைப்பும் நிறத் தெரிவும் என்னுடையது.' நேர்முகத் தேர்வில் இருப்பவருக்கு ஒரு முழு மதில் படத்தைவிட இந்த ஒரு வரி உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

எல்லாவற்றையும் படம் பிடித்துவிடுங்கள். மதிலை முழுதாகவும் துண்டு துண்டாகவும், பிள்ளைகளின் மூலத் தாள்களை ஒவ்வொன்றாகவும், உங்கள் அறையில் கீறியதைத் தனியாகவும். 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்த எத்தனையோ படங்கள் போய்விட்டன, அவற்றுக்குப் பிரதி இல்லை. கோப்புகளுக்கு ஆண்டு, இடம், கீறியவர் பெயர் போட்டு ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். மலர், கையேடு, துண்டுப்பிரசுரம் என்று அச்சான எதுவும் இருந்தால், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கி வரும் நூலகம் திட்டத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.