கர்ப்பப்பைக் கட்டி: எந்தச் சிகிச்சை யாருக்கு?

ஸ்கேன் அறிக்கையில் "கட்டி" என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தில், கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று வீட்டார் முடிவு கட்டுவதும், பீதியுற்ற அந்த ஸ்திரீ அதற்கு இணங்கிவிடுவதும் நேர்கின்றனவாகையால், அத்தீர்மானத்துக்கு முன்பு நிதானமாக ஆராயவேண்டியவற்றை எடுத்துரைப்பது அவசியமாகிறது.

கர்ப்பப்பைத் தசையில் எழும் கட்டிகளுள், ஃபைப்ராய்டு என்றும் நார்க்கட்டி என்றும் வழங்கும் லியோமயோமா, 50 வயதுக்குள் பெரும்பாலான ஸ்திரீகளுக்குத் தோன்றி, பலருக்கு யாதோர் உபாதையும் தராமல், மாதவிடாய் நின்றபின் தானே சுருங்கும் சுபாவமுடையது. லியோமயோசார்கோமாவோ அபூர்வமான புற்று. இரத்தத்தின் வழியே நுரையீரல்வரை பரவவல்லது.

நார்க்கட்டிக்கு, உபாதை எவ்வளவோ அவ்வளவே சிகிச்சை என்பது விதி. உபாதையில்லாதவர் அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு இருந்தாலே போதும். உதிரப்போக்கு மிகுந்தவருக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ உதவும். லூப்ரோலைடு ஊசி கட்டியைச் சுருக்குமெனினும், எலும்பின் பலத்தைக் குறைப்பதால், சத்திரசிகிச்சைக்கு முன்பு சில மாதங்களுக்கே பெரும்பாலும் உகந்தது. சந்தானம் வேண்டுவோர்க்குக் கட்டியை மட்டும் அகற்றும் மயோமெக்டமி ஏற்றது. ஆயினும் கட்டிகள் மீண்டும் முளைக்கக்கூடும். கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுத்து அதை வாடச்செய்யும் எம்போலைசேஷன் முறை, சந்தானம் வேண்டாவிடினும் கர்ப்பப்பையை இழக்க விரும்பாதவர் யோசிக்கத்தக்கது. பிற வழிகளால் பயன் காணாமல், மகப்பேறும் போதும் என்று முடிவு செய்தவருக்குக் கர்ப்பப்பையை எடுப்பதே நிரந்தர நிவாரணம்.

புற்றோ என்ற சந்தேகம் எழுமாயின் இவ்விதி தலைகீழாகிறது. மாதவிடாய் நின்றபின் கட்டி வளர்தல் அல்லது உதிரம் காணுதல், முன்பு இடுப்பில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல், டமாக்ஸிஃபென் மருந்தை நெடுங்காலம் உட்கொண்டிருத்தல் ஆகியவை ஜாக்கிரதை வேண்டிய குறிகள். இளம்வயதில் கட்டி விரைந்து வளர்வது மட்டும் புற்றுக்கு அத்தாட்சியன்று. எம்.ஆர்.ஐ. துணைபுரியும், ஆனால் உள்வரிச் சதையைச் சுரண்டிச் செய்யும் சோதனை தசைக்குள் மறைந்த புற்றைத் தவறவிடக்கூடும். செல்களின் பிரிவு, விகாரம், நசிவு ஆகிய மூன்றையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபின்னரே முடிவான நிர்ணயம் கிட்டும். எம்போலைசேஷனோ ஆராய்வதற்கு யாதொன்றையும் வெளியே கொண்டுவருவதில்லை. ஆகவே சந்தேகமுள்ளபோது, கர்ப்பப்பையைச் சிதைக்காமல் முழுமையாக எடுப்பதே க்ஷேமம். நார்க்கட்டி என்றெண்ணிச் சத்திரசிகிச்சை பெறுவோரில் சுமார் 350 பேருக்கு ஒருவரிடம் மறைந்த சார்கோமா இருக்கலாமென்று கணித்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், கட்டியை வயிற்றுக்குள்ளேயே துண்டாக்கும் மார்செலேட்டர் கருவி புற்றைப் பரப்பிவிடக்கூடும் என்று 2014-இல் எச்சரித்தது இக்காரணத்தாலேயே.

ஆகையால் கையெழுத்திடுமுன் வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் உபாதைக்கு இதைவிட எளிய வழி உண்டா? புற்றென்று சந்தேகிக்க முகாந்தரம் உண்டா? கட்டியை முழுதாக எடுப்பீர்களா, துண்டாக்கியா? இவற்றுக்குத் தெளிந்த விடை பெற்றபின் செய்யும் தீர்மானம், எதுவாயினும், பயத்தின் தீர்மானமாக இராது.