செல்வமும் மனநிம்மதியும்

செல்வம் மிகுந்தால் சுகமும் மிகும் என்பது பலர் எண்ணம். குடியானவனுக்கோ, சொத்தின் அளவைவிடக் கடனின் தன்மையே நிம்மதியை நிர்ணயிக்கிறது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குப் பிரோநோட்டு எழுதி ரூ. 200 வாங்கினால், வருஷ வட்டி மட்டும் ரூ. 48. பத்து ஏக்கர் இருந்தும் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவனுக்கு உறக்கம் ஏது?

இக்கடன் பளுவை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் 1895, 1897-ஆம் வருஷங்களில் சென்னை அரசாங்கத்துக்கு அறிக்கை சமர்ப்பித்தார். 1904-இல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வருஷமே திரூரில் சங்கம் பதிவாயிற்று.

ஆயினும் சங்கக் கடனும் கடனே. கலியாணச் செலவுக்கு வாங்குவதை விதைச் செலவென்று எழுதிவைப்பவனுக்கு அங்கும் நிம்மதியில்லை. அறுவடையானதும் தவணையைச் செலுத்தி, மிச்சத்தில் சிறு தொகையேனும் டிபாசிட்டு வைக்கும் அங்கத்தினரின் வீட்டில், மழை பொய்த்த வருஷத்திலும் தாலிக்கொடி அடகுக்குப் போவது அரிது.