மகப்பேறும் ஒரு மருந்தின் பெயரும்

எம்மிடம் தமிழ் கற்ற பழைய மாணவரொருவர் அண்மையில் மாத்திரைப் போத்தலொன்றைக் கொணர்ந்து, அதன்மீதிருந்த 'தொக்கோபெரோல்' என்னுஞ் சொல்லுக்குப் பொருள் யாதென வினவினார். அவர்தம் மனைவியார்க்கு வயது 38. மணமாகி நான்காண்டாகியும் மகவில்லை.

அச்சொல்லின் கதை சுவையுடையது. 1922ஆம் ஆண்டிற் கலிபோணியாவில், எவான்சு, பிசப்பு என்னும் ஆய்வாளர் இருவர், பன்றிக்கொழுப்புச் சேர்ந்த உணவில் வளர்ந்த பெண்ணெலிகள் கருவுற்றும் ஈனாமையைக் கண்டனர். கரு வயிற்றிலேயே கரைந்தொழிந்தது. சலாது இலையை ஊட்டவே குட்டிகள் பிறந்தன. அவ்விலையில் இருந்த பொருளே விற்றமின் ஈ. 1936இல் அதனைத் தூய்தாகப் பிரித்தபோது, எவான்சு கிரேக்கமொழிப் பேராசிரியரொருவரிடம் பெயர் கேட்டார். அவரோ மகப்பேறு, தாங்குதல் என்னும் பொருள்தரும் இரு சொற்களை இணைத்துக் கொடுத்தார். மொழியாசிரியரின் கைவண்ணமன்றோ! ஆயின், அவ்வெலிகளை வருத்தியது உணவுக்குறை, முதுமையன்று. பெயர் அவ்வேறுபாட்டைச் சொல்லாது.

பெண்ணின் சூல்முட்டைகள் யாவும் அவள் தாய்வயிற்றிலிருக்கும்போதே உண்டாவன. பிறக்கையில் 10 முதல் 20 இலட்சம். பூப்பெய்துங்கால் 3 அல்லது 4 இலட்சம். வாழ்நாளில் வெளிப்படுவன ஏறக்குறைய 400. எனவே 38 வயதில் வெளிவரும் முட்டை, ஒடுக்கற்பிரிவு இடைநின்ற நிலையில், அத்தனை ஆண்டுகளும் காத்திருந்ததாகும். அக்காலத்தில் நிறமூர்த்தங்களைப் பிணைக்கும் புரதம் தேய்கின்றது, இழைமணிகள் தளர்கின்றன, ஒட்சியேற்றத்தாலாகுஞ் சிதைவுஞ் சேர்கின்றது. நிறமூர்த்தங்கள் பிழைபடப் பிரியின், கரு தங்காது, அன்றேற் சிதையும். 35இன் பின் இத்தேய்வு விரைவுபடும். விற்றமின் ஈ முதலிய ஒட்சியேற்ற எதிரிகள் இவற்றுள் ஒரு கூற்றையே எதிர்க்கவல்லன. தேய்ந்த பிணைப்பை அவை மீளக் கட்டுமென எவருங் காட்டவில்லை.

முதிய சுண்டெலிகளிற் கோஎன்சைம் கியூ10 நற்பயன் தந்தமை 2015இல் வெளியாயிற்று. மகளிரிடத்து யாது கண்டனர்? 2020இற் கொக்கிரேன் ஆய்வுத்தொகுப்பு, 7760 பெண்கள் பங்குகொண்ட 63 சோதனைகளை ஆராய்ந்தது. பயன் இருக்கலாம், ஆயின் சான்றின் தரம் தாழ்ந்தது, சிலவிடத்து மிகத் தாழ்ந்தது என்பதே அதன் முடிபு.

இவற்றைக் கூறிய யாம், போலிக் அமிலத்தை இவற்றோடு சேர்த்து விலக்கற்க என்றும் சொன்னோம். அது பிள்ளையின் முள்ளந்தண்டுக் குறையைத் தடுப்பது ஐயமற நிறுவப்பட்டது. 35 வயது கடந்த பெண் ஆறு மாதம் முயன்றும் கருத்தரியாவிடின் வைத்தியரைக் காண்டல் வேண்டும். போத்தல் முடியட்டுமெனக் காத்திருப்பின், இழப்பது பணம் மட்டுமன்று, மீளாத மாதங்களுமாம்.

"இருவருஞ் சென்றீரோ?" என வினவினோம். மனைவியார் மாத்திரமே சென்றனராம். 'மலடி' என்னுஞ் சொல்லைக் கூசாது வழங்கும் நம்மவர் வாயில் 'மலடன்' என்பது வருதல் அரிது. ஆடவர்க்குரிய விந்துச் சோதனை எளியது. அதனை முதலிற் செய்விக்க என்றோம்.

அவர் சிறிதுநேரம் வாளாவிருந்தார். பின்னர், அச்சோதனை எந்த வைத்தியசாலையில் நடைபெறுமெனக் கேட்டார்.