சட்டம் பயிலப் போகும் அக்காமார்களுக்குக் கணிப்பொறி

முன்னுரை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. சட்டம் பயில்வோருக்கு இதைவிடச் சிறந்த முதற்பாடம் வேறில்லை. இன்று கண்ணால் காண்பதில் பெரும்பகுதியைக் கணிப்பொறித் திரையிலேயே காண்கிறோம். ஆகவே திரையில் தெரிவதையும் தீர விசாரிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எங்கள் ஊராகிய கீழ்புத்துப்பட்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வடக்கே மரக்காணம் உப்பளங்கள். தெற்கே காலாப்பட்டில் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. விழுப்புரத்திலும் 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி நடைபெறுகிறது. உப்பு வாரும் குடும்பத்துப் பெண்ணும் கறுப்பு அங்கி அணியலாம் என்ற நம்பிக்கை நம் பகுதியில் வளர்ந்து வருகிறது. எங்கள் தெருவில் சட்டக் கல்லூரியில் சேர இருக்கும் அக்கா ஒருவர், "கணிப்பொறியில் நான் என்னென்ன தெரிந்து கொள்ள வேண்டும்?" என்று கேட்டார். அவருக்காகத் திரட்டிய செய்திகளை எல்லோரும் பயன்பெற இங்கே தருகிறேன்.

எதை வாங்குவது?

பெற்றோர்களே, சட்டப் படிப்புக்கு விலை உயர்ந்த லேப்டாப் தேவையில்லை. படிப்பதும் எழுதுவதும் தேடுவதுமே அதன் வேலை. 8 ஜி.பி. நினைவகம், கண்ணுக்கு இதமான திரை, தட்டச்சு செய்யச் சுகமான விசைப்பலகை, நெடுநேரம் நிற்கும் பேட்டரி ஆகியவை இருந்தால் போதும். எடையும் குறைவாக இருக்கட்டும், பேருந்தில் நின்றுகொண்டு சுமக்க வேண்டுமல்லவா? உப்புக் காற்று இரும்பையே அரிக்கும். மின்கருவிகளுக்கு அது பகை. எனவே நம் கடற்கரையில் சன்னலோரம் திறந்து வைக்காமல், வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறையில் இட்டு வைப்பது நல்லது.

தமிழில் தட்டச்சு

உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம் வேண்டும். ஆனால் மாவட்ட நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது. நம்மிடம் வரும் கட்சிக்காரருக்கும் தமிழே தெரியும். ஆகவே இரு மொழியிலும் தட்டச்சு பழக வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவானது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால் கை விரைவில் பழகிவிடும். எழுதுவதை யூனிகோடு முறையில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்த மனு, அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும்.

சட்டத்தைத் தேடும் வழி

முற்காலத்தில் தீர்ப்புகளைத் தேட வேண்டுமானால், 1891-இல் சென்னையில் தொடங்கிய 'மெட்ராஸ் லா ஜர்னல்' போன்ற தொகுதிகள் அடுக்கிய நூலகத்துக்குச் செல்ல வேண்டும். அவற்றை வாங்கும் வசதி எல்லா வழக்கறிஞர்களுக்கும் இருக்கவில்லை. இன்று மூன்று வாசல்கள் கட்டணமின்றித் திறந்திருக்கின்றன. மத்திய அரசின் 'இந்தியா கோடு' தளத்தில் சட்டங்களைப் படிக்கலாம். 2008-இல் தொடங்கிய 'இந்தியன் கானூன்' தளத்தில் தீர்ப்புகளைச் சொல்லைக் கொண்டே தேடலாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் 'இ-எஸ்.சி.ஆர்.' என்ற சேவையைத் தொடங்கித் தன் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகளையே எல்லோருக்கும் இலவசமாக அளித்தது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ 34,000 தீர்ப்புகள் அதில் இருந்தன. ஏழை மாணவிக்கும் பெரிய வழக்கறிஞருக்கும் இப்போது ஒரே நூலகம்!

ஆனால் கிடைத்ததெல்லாம் செல்லுபடியாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏமாற்றுக்காரனை நம் மக்கள் '420' என்பார்கள். அது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதில் ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவு. கொலைக்கான தண்டனை 302 அன்று, 103. ஆயினும் அந்த நாளுக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும். கணிப்பொறி பழையதையும் புதியதையும் கலந்தே காட்டும். தேதியைப் பார்த்துப் பிரித்தறிவது நம் வேலை.

இதில் கவனம் தவறினால் என்ன ஆகும்? 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் முகநூல் பதிவு ஒன்றுக்காக இளம் பெண்கள் இருவர் கைது செய்யப்பட்டனர். அதைக் கண்டு, அப்போது 21 வயதே ஆன ஷ்ரேயா சிங்கால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி ஆயிற்று. ஆனால் ஆண்டுகள் பல சென்ற பின்னும் அந்த மாண்ட பிரிவின் கீழ் வழக்குகள் பதிவாகி வந்தன. இதை அறிந்து 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. இல்லாத சட்டத்தால் இருக்கும் மனிதர்கள் துன்புற்றார்கள். ஆகவே ஒரு பிரிவைக் கண்டால், "இது இன்று உயிரோடிருக்கிறதா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

வாய்தா தேதி அறிய

உப்பளத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கூலியை விட்டுத் திண்டிவனம் நீதிமன்றம் வரை சென்று, "வாய்தா தள்ளிப் போயிற்று" என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் திரும்பும் தாய்மார்களின் வருத்தம் பெரிது. 2007-இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் திட்டத்தின்படி ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கமும் எழுத்தும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் பதிந்தால் வழக்கின் நிலையும் அடுத்த வாய்தாவும் தெரியும். இதற்குக் கட்டணமில்லை. சட்ட மாணவி முதலாம் ஆண்டிலேயே தன் தெருவுக்குச் செய்யக்கூடிய தொண்டு இது. இங்கும் விசாரணை தேவை. திரையில் கண்ட தேதியை வழக்கை நடத்தும் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்த பிறகே சொல்லுங்கள்.

நீதிமன்றத்தை வீட்டிலிருந்தே காணவும் வழியுண்டு. ஸ்வப்னில் திரிபாதி என்ற சட்ட மாணவர் தொடுத்த வழக்கில், விசாரணைகளை நேரலையில் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையாயின. மூத்த வழக்கறிஞர்கள் எவ்வாறு நின்று பேசுகிறார்கள், நீதிபதியின் குறுக்குக் கேள்விக்கு எவ்வாறு பணிவோடும் உறுதியோடும் விடையளிக்கிறார்கள் என்பதைச் சிற்றூர் மாணவியும் கண்டு கற்கலாம்.

கைப்பேசியே சாட்சி

இக்காலத்தில் மிரட்டலும் கடன் பேச்சும் கைப்பேசி வழியே நடக்கின்றன. அவை நீதிமன்றத்தில் சாட்சியாக வேண்டுமானால், 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பும் குறிக்கப்படும். மூட்டையின் வாயில் வைத்த அரக்கு முத்திரையைப் போன்றது அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு முழுவதும் மாறி, யாரோ கை வைத்ததைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே யாராவது அழுதுகொண்டு கைப்பேசியை நீட்டினால், "செய்தியை அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள், கைப்பேசியை மாற்றாதீர்கள்" என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள். இணையத்தில் பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்கு 15100 என்ற எண் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு

கேட்டதும் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. கடினமான தீர்ப்பை எளிதாக விளக்கச் சொல்லவும் ஆங்கிலப் பிழை திருத்தவும் அது உதவும். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், தெரிந்ததுபோல் புனைந்துவிடுவதும் உண்டு. நியூயார்க்கில் 'மாட்டா எதிர் ஏவியான்கா' என்ற வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தனர். அத்தீர்ப்புகள் உலகில் எங்குமே இல்லை! 2023 ஜூனில் நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். நம் அண்டை மாநிலமான கேரளத்தின் உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில், மாவட்ட நீதித்துறையில் தீர்ப்பு முடிவுகளை எடுக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வகுத்தது.

இன்னோர் எச்சரிக்கை. கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வது இரகசியம். அவர் பெயரையும் குடும்பக் கதையையும் இத்தகைய இலவசச் சேவைகளில் தட்டச்சு செய்வது, சந்தையில் நின்று உரக்கப் படிப்பதற்குச் சமம்.

பிரதி எடுத்து வைத்தல்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் புகுந்தால் லேப்டாப்பும் நனையும், நோட்டுப் புத்தகமும் நனையும். ஆகவே எழுதியதற்கு மூன்று பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று கணிப்பொறியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று இணையச் சேமிப்பில். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். அது உற்ற தோழிக்கும் தெரிய வேண்டாம்.

முடிவுரை

கணிப்பொறியை ஓடியாடி வேலை செய்யும் குமாஸ்தாவாக வைத்துக் கொள்ளுங்கள், வழக்கறிஞராக அமர்த்தி விடாதீர்கள். அது ஆயிரம் தீர்ப்புகளை ஒரு நொடியில் எடுத்துத் தரும். எது உண்மை, எது இன்றும் செல்லும், எது எதிரே நிற்கும் ஏழைக்குப் பொருந்தும் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மனுவின் அடியில் இருப்பது வழக்கறிஞரின் கையெழுத்து. அதைப் படிக்கத் தெரியாத ஒரு தாய், படித்த பெண்ணை நம்பித்தான் கைநாட்டு வைக்கிறாள். அந்த நம்பிக்கைக்கு உரியவர்களாக, தீர விசாரித்து மெய்யை மட்டும் எழுதும் வழக்கறிஞர்களாக நம் அக்காமார்கள் விளங்க வாழ்த்துவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்புத்துப்பட்டு