சில்லுக்குள் ஓர் ஏடு

நுழையும்முன்

கணிப்பானில் ஒரு விசையை அழுத்துகிறோம். நொடிப்பொழுதில் விடை வந்துவிடுகிறது. அவ்விடை எவ்வழியே வந்தது என்று நாம் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு உருவான சட்டைப்பைக் கணிப்பான்கள் இன்று ஒவ்வொன்றாகச் செயலிழந்து வருகின்றன. அவை அழியும்போது அவற்றுக்குள் இருக்கும் கணக்கிடும் வழியும் உடன் அழிகிறது. அவ்வழியை மீட்டுக் கணினித் திரையில் மீண்டும் இயங்கச் செய்யும் மென்பொருள்களைப் பற்றி இப்பாடம் பேசுகிறது.

சட்டைப்பைக்கு வந்த கணிதம்

1970களின் தொடக்கம் வரை பொறியாளர்கள் சைன், மடக்கை முதலிய மதிப்புகளைக் காண அச்சிட்ட அட்டவணைகளையும் ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவுகோலையும் நம்பியிருந்தனர். நழுவுகோலில் ஏறத்தாழ மூன்று இலக்கங்கள் வரையே மதிப்பைப் படிக்க இயலும். அமெரிக்காவின் ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் 1968இல் 9100ஏ என்னும் மேசைக் கணிப்பானை வெளியிட்டது. அதன் ஆற்றல் முழுவதும் சட்டைப்பையில் அடங்க வேண்டும் என்று நிறுவனர்களுள் ஒருவரான பில் ஹியூலட் விரும்பினார். அவ்விருப்பத்தின் பயனாக 1972இல் வெளிவந்த கருவியே ஹெச்.பி. 35. முப்பத்தைந்து விசைகளைக் கொண்டிருந்ததால் அப்பெயர் பெற்றது. அதன் விலை 395 டாலர்.

அக்கருவியின் உள்ளே எண்ணைத் தாங்கும் ஒவ்வொரு பதிவகமும் 14 இலக்கங்கள் கொண்டது. ஓர் இலக்கத்திற்கு 4 பிட்டுகள் வீதம் மொத்தம் 56 பிட்டுகள். இவை அனைத்தும் ஒரே நேரத்தில் செயற்படவில்லை. ஒற்றையடிப் பாதையில் நடப்போரைப் போல ஒன்றன்பின் ஒன்றாகவே சென்றன. கணக்கிடும் முறை முழுவதும் படிக்க மட்டும் நினைவகத்தில் 768 கட்டளைகளாக எழுதப்பட்டிருந்தது. கூட்டல், கழித்தல் முதல் சைன், மடக்கை வரை அனைத்தும் அந்த 768 கட்டளைகளுக்குள் அடக்கம்.

> தெரியுமா?
> ஹெச்.பி. 35இல் சமக்குறி விசை கிடையாது. எண்களை முதலில் உள்ளிட்டுச் செயற்குறியைப் பின்னர் அழுத்த வேண்டும். (3 + 4) × 5 என்னும் கணக்கிற்கு 3, என்டர், 4, +, 5, × என்னும் வரிசையில் விசைகளை அழுத்தினால் 35 கிடைக்கும். அடைப்புக்குறிக்குத் தேவையே இல்லை. போலந்து நாட்டுத் தருக்கவியல் அறிஞர் யான் வுகாசியேவிச் உருவாக்கிய குறியீட்டு முறையைத் தலைகீழாக்கியதால் இது தலைகீழ்ப் போலந்துக் குறியீடு எனப்படுகிறது.

இருவகைப் பாவனை

பழங்கருவி ஒன்றைப் போலவே இயங்குமாறு கணினியில் உருவாக்கப்படும் நிரலைச் சிமுலேட்டர் என்பர். இப்பாடத்தில் அதனைப் பாவனை மென்பொருள் எனக் குறிப்போம். பழைய கணிப்பான்களுக்கான பாவனை மென்பொருள்கள் இருவகைப்படும்.

முதல் வகை, கருவியின் வெளிநடத்தையைப் பாவிப்பது. 1988இல் வெளிவந்த ஹெச்.பி. 42எஸ் கணிப்பானை முன்மாதிரியாகக் கொண்டு தாமஸ் ஓக்கன் என்பவர் உருவாக்கிய ஃப்ரீ42 இவ்வகையைச் சார்ந்தது. விசைகளும் பயன்படுத்தும் முறையும் மூலக்கருவியை ஒத்திருக்கும். உள்ளே இருப்பதோ முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட நிரல். மூலக்கருவி 12 இலக்கத் துல்லியத்துடன் விடை தந்தது. ஃப்ரீ42இன் பதின்மப் பதிப்பு 34 இலக்கங்கள் வரை கணக்கிடுகிறது. பயன்படுத்துவோருக்கு இது மூலத்தைவிடச் சிறந்த கருவி. ஆயினும் மூலக்கருவி எவ்வாறு கணக்கிட்டது என்பதை இதனிடம் கேட்டறிய இயலாது.

இரண்டாம் வகை, கருவியின் உள்ளியக்கத்தைப் பாவிப்பது. எரிக் ஸ்மித் உருவாக்கிய நான்பரெய்ல் என்னும் மென்பொருள் இதற்குச் சான்று. இதில் விடையைக் காணும் நிரலை மென்பொருளாளர் எழுதுவதில்லை. பழைய சில்லின் பதிவகங்களும் அதன் கட்டளைகள் செயற்படும் முறையுமே எழுதப்படுகின்றன. பின்னர், மூலக்கருவியின் நினைவகத்திலிருந்த கட்டளைகளை அப்படியே அதனுள் இடுகின்றனர். 1972ஆம் ஆண்டின் பொறியாளர் எழுதிய நிரல் இன்றைய கணினியில் மீண்டும் ஓடத் தொடங்குகிறது. விடையோடு வழியும் கிடைப்பது இவ்வகையில்தான்.

சில்லைப் படித்தல்

அவ்வாறாயின், சில்லுக்குள் உறைந்திருக்கும் கட்டளைகளை வெளியே எடுப்பது எவ்வாறு? சில கணிப்பான்களின் கட்டளைகள் காப்புரிமை ஆவணங்களிலேயே அச்சாகியிருந்தன. அவ்வாய்ப்பு இல்லாதபோது சில்லையே படிக்க வேண்டும். அதன் மேலுறையை அமிலத்தால் நீக்கி, உள்ளிருக்கும் சிலிக்கான் தகட்டை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் படமெடுப்பர். நினைவகப் பகுதி கட்டம் கட்டமாகத் தெரியும். ஒரு கட்டத்தில் டிரான்சிஸ்டர் இருப்பது ஒரு பிட் மதிப்பையும், இல்லாதிருப்பது மற்றொரு பிட் மதிப்பையும் குறிக்கும். இவ்வாறு ஆயிரக்கணக்கான பிட்டுகளைப் பொறுமையுடன் படித்து வரிசைப்படுத்தினால், எவரும் படிக்க முடியாதிருந்த ஏடு ஒன்று திறந்துகொள்கிறது.

அமெரிக்கப் பொறியாளர் கென் ஷெரிஃப், சிங்க்ளேர் சயின்டிஃபிக் என்னும் கணிப்பானின் சில்லை இம்முறையில் ஆராய்ந்து 2013இல் அதற்கொரு பாவனை மென்பொருளை வெளியிட்டார். கணிப்பானின் முகப்போடு, அவ்வப்போது செயற்படும் கட்டளையையும் பதிவகங்களில் மாறும் எண்களையும் அது திரையில் காட்டுகிறது. அதன் வழியே வெளிப்பட்ட செய்தி வியப்பிற்குரியது.

320 கட்டளைகளின் கதை

பிரிட்டனின் கிளைவ் சிங்க்ளேர் நிறுவனம் 1974இல் சிங்க்ளேர் சயின்டிஃபிக் கணிப்பானை வெளியிட்டது. எளியோரும் வாங்கத்தக்க விலையில் அறிவியல் கணிப்பான் ஒன்றைத் தருவதே அதன் நோக்கம். அதற்காக டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஒற்றைச் சில்லு தேர்ந்தெடுக்கப்பட்டது. அச்சில்லு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கிற்காக வடிவமைக்கப்பட்டது. அதில் 320 கட்டளைகளுக்கே இடம் இருந்தது. ஹெச்.பி. 35இன் நினைவகத்தில் இது பாதிக்கும் குறைவு. இச்சிறிய இடத்திற்குள் சைன், கொசைன், மடக்கை உள்ளிட்ட அனைத்தையும் அடக்கும் பணியை நைஜல் சேர்ல் மேற்கொண்டார்.

சைன் மதிப்பைக் காண ஹெச்.பி. 35 பின்பற்றிய முறையில், டான்ஜென்ட் மதிப்பு 1, 0.1, 0.01, 0.001 என அமையும் கோணங்கள் நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தன. முதலில் பெரிய அடிகளையும் பின்னர்ச் சிறிய அடிகளையும் எடுத்து வைத்து அது உரிய கோணத்தை விரைவில் அடைந்தது. சேர்லிடம் அத்தனை எண்களை வைக்க இடமில்லை. ஆகவே, அவர் ஒரே அளவுள்ள சிற்றடிகளை மட்டும் எடுத்து வைத்தார்.

சைன் மதிப்பை 0 எனவும் கொசைன் மதிப்பை ஏறத்தாழ 1 எனவும் கொண்டு தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கொசைனின் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சைனுடன் கூட்ட வேண்டும், புதிய சைனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கொசைனிலிருந்து கழிக்க வேண்டும், கோணத்தில் 0.001 ரேடியனைக் குறைக்க வேண்டும். கோணம் தீரும்வரை இதுவே மீளமீள நிகழும். ஒரு ரேடியன் கோணத்திற்கு இவ்வாறு ஆயிரம் சுற்றுகள். பதின்ம எண்ணை ஆயிரத்தால் வகுப்பது என்பது இலக்கங்களை மூன்று இடம் வலப்புறம் நகர்த்துவதே என்பதால் பெருக்கலோ வகுத்தலோ தேவைப்படவில்லை.

ஆயிரத்திற்கு மாற்றாகப் பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டு நாமே இதனைச் செய்து பார்க்கலாம். 0.3 ரேடியன் கோணத்திற்கு மூன்றே சுற்றுகள். முதற்சுற்றில் சைன் 0.1, கொசைன் 0.99. இரண்டாம் சுற்றில் சைன் 0.199, கொசைன் 0.9701. மூன்றாம் சுற்றில் சைன் 0.29601. உண்மை மதிப்பு 0.2955. கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்த ஒருவர் மூன்று வரிகளில் இவ்வளவு அருகில் வந்துவிட முடிகிறது. அடியின் அளவு சிறுக்கச் சிறுக்கத் துல்லியம் கூடும். காத்திருக்கும் நேரமும் கூடும்.

இச்சிக்கனத்திற்கு விலையும் உண்டு. கோணம் பெரிதானால் கணிப்பான் சில நொடிகள் திகைத்து நிற்பதுபோல் தோன்றும். விடையின் இறுதி இலக்கங்களை நம்ப இயலாது. தவறான உள்ளீட்டைச் சோதித்து எச்சரிக்கும் கட்டளைகளுக்கும் இடமில்லை. பை முதலிய மாறிலிகளைச் சேமிக்கவும் இடமில்லாததால், அவற்றைக் கருவியின் மேலுறையிலேயே அச்சிட்டிருந்தனர். தேவைப்படுவோர் அதனைப் பார்த்து உள்ளிட்டுக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் அக்கருவியைப் பயன்படுத்தியவர்கள் அதன் மந்தத்தையும் பிழையையும் கண்டனர். அவற்றுக்குப் பின்னால் இருந்த நுண்ணறிவைக் காணும் வாய்ப்பைத் தந்தது பாவனை மென்பொருளே.

பிழையும் வரலாறே

ஹெச்.பி. 35இன் முதற்பதிப்பில் ஒரு பிழை இருந்தது. 2.02 என்னும் எண்ணின் இயல் மடக்கையைக் கண்டு, பின்னர் அதன் எதிர்மடக்கையைக் கண்டால் மீண்டும் 2.02 வர வேண்டும். ஆனால், கருவி 2 என்று காட்டியது. பிழை தெரிய வந்ததும் நிறுவனம் அதனைப் பயனாளர்களுக்கு அறிவித்து, கருவியை மாற்றித் தரவும் முன்வந்தது. பின்வந்த கருவிகளில் அப்பிழை நீக்கப்பட்டது.

இப்போது ஒரு வினா எழுகிறது. அக்கருவிக்குப் பாவனை மென்பொருள் எழுதுபவர் 2 என்று காட்ட வேண்டுமா, 2.02 என்று காட்ட வேண்டுமா? கணக்குப் போடுவதே நோக்கமெனில் 2.02 என்பதே வேண்டும். முதற்பதிப்பை அறிவதே நோக்கமெனில் 2 என்பதுதான் நேர்மையான விடை. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர், ஒரு சொல் பிழையெனத் தோன்றினாலும் தம் விருப்பப்படி அதனை மாற்றிவிடுவதில்லை. உள்ளதை உள்ளவாறு காட்டித் தம் கருத்தைத் தனியே தருவார். உள்ளியக்கத்தைப் பாவிக்கும் மென்பொருளும் அவ்வாறே செயற்படுகிறது. பிழையுள்ள கட்டளைகளை இட்டால் பிழையான விடையே வரும். அப்பிழை எந்தக் கட்டளையில் தோன்றுகிறது என்பதையும் படிப்படியாக நின்று பார்க்கலாம். பிழையை மறைத்துவிட்டால், அதிலிருந்து கற்கும் வாய்ப்பும் மறைந்துவிடும்.

புதிய உடலில் பழைய நிரல்

இம்மென்பொருள்கள் வெறும் பொழுதுபோக்கிற்கு உரியவை அல்ல. 1982இல் வெளிவந்த ஹெச்.பி. 15சி கணிப்பானை அந்நிறுவனம் 2011இல் சிறப்புப் பதிப்பாக மீண்டும் வெளியிட்டது. பழைய சில்லைத் திரும்பவும் தயாரிக்கவில்லை. ஏ.ஆர்.எம். வகையைச் சேர்ந்த புதிய செயலியில் பழைய செயலியின் பாவனையை அமைத்து, அதன்மேல் பழைய நிரலை ஓடவிட்டனர். 1981 முதல் நிதித்துறையில் வழங்கிவரும் ஹெச்.பி. 12சி கணிப்பானும் பின்னாளில் இம்முறையையே மேற்கொண்டது. கையில் இருப்பது புதிய கருவி. உள்ளே கணக்கிடுவதோ பழைய நிரல்.

வழியைக் காத்தல்

கண்ணாடிப் பேழைக்குள் வைக்கப்பட்ட பழைய கணிப்பான் அதன் தோற்றத்தை மட்டுமே காக்கிறது. மின்கலம் கசிந்து, இணைப்புகள் துருவேறிய பின் அது ஒரு கூடு. ஓடும் நிரலாக மீட்கப்பட்ட கணிப்பானோ இன்றும் கேட்ட வினாவிற்கு விடை சொல்கிறது. சொன்ன விடைக்கு வழியும் காட்டுகிறது. 320 கட்டளைகளுக்குள் ஒருவர் சைன் மதிப்பை அடக்கிக் காட்டிய அறிவு, அக்கருவிகளோடு குப்பையில் சேர்ந்திருந்தால் நமக்குத் தெரிய வந்திராது.

நம் கையிலுள்ள கருவிகள் நாளுக்குநாள் விரைவாகின்றன. அவற்றின் உள்ளியக்கம் அதே அளவிற்கு நம் பார்வையிலிருந்து விலகுகிறது. விரைவாக வரும் விடையை ஏற்றுக்கொள்வது எளிது. அது எவ்வாறு வந்தது, எங்கே தவறக்கூடும் என்று கேட்பதே கல்வி. ஒரு பழைய கணிப்பானின் ஆயிரம் சிற்றடிகளைப் பொறுமையுடன் பின்தொடர்ந்து பார்க்கும் மாணவர், அடுத்த முறை சைன் விசையை அழுத்தும்போது அதற்குள் ஒருவர் நடந்த வழி இருப்பதை உணர்வார்.

கற்பவை கற்றபின்

1. பாடத்தில் கூறப்பட்ட முறையில், பத்தில் ஒரு பங்கு அடிகளைக் கொண்டு 0.5 ரேடியனின் சைன் மதிப்பைக் கண்டு, உண்மை மதிப்புடன் ஒப்பிடுக.
2. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பயன்பாட்டிலிருந்து நீங்கிய கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது இயங்கிய முறையை அறிந்தவரிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

மதிப்பீடு

*குறுவினா:* சிங்க்ளேர் சயின்டிஃபிக் கணிப்பானின் மேலுறையில் மாறிலிகள் அச்சிடப்பட்டிருந்தமைக்குக் காரணம் யாது?

*சிறுவினா:* வெளிநடத்தையைப் பாவிக்கும் மென்பொருளுக்கும் உள்ளியக்கத்தைப் பாவிக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.

*நெடுவினா:* 'பழங்கருவியின் பிழையையும் காக்க வேண்டும்' என்னும் கருத்தினை ஏற்றோ மறுத்தோ தக்க சான்றுகளுடன் கட்டுரை வரைக.